ஒரு துளித் தேன்

ஆந்திர நாட்டுப் பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளுள் ஏழு மீன்களின் கதையும் ஒன்று. தெலுங்கு மொழி வழங்கும் ஊர்களில் அதனை அறியாத வீடு அரிது.

ஓர் அரசனுக்கு ஏழு மைந்தர் இருந்தனர். ஒரு நாள் எழுவரும் வேட்டைக்குச் சென்று, ஏழு மீன்களைப் பிடித்து வந்து வெயிலில் உலர வைத்தனர். ஆறு மீன்கள் உலர்ந்தன. ஒரு மீன் மட்டும் ஈரம் புலராமல் கிடந்தது.

"மீனே, நீ ஏன் உலரவில்லை?" என்று வினவினான் அம்மீனுக்குரிய இளவரசன்.

"வைக்கோற்போர் வெயிலை மறைத்துக்கொண்டது; நான் என் செய்வேன்?" என்றது மீன்.

இளவரசன் வைக்கோற்போரைக் கேட்டான். பசு தன்னைத் தின்னாமையால் தான் உயர்ந்து நிற்பதாக அது கூறிற்று. பசுவைக் கேட்டான். மாடு மேய்க்கும் சிறுவன் தன்னை அவிழ்த்துவிடவில்லை என்றது பசு. சிறுவனோ, பாட்டி தனக்குச் சோறு இடவில்லை என்றான். குழந்தை அழுதபடியால் சோறு இடக் கைவரவில்லை என்றாள் பாட்டி. "குழந்தாய், நீ ஏன் அழுதாய்?" "எறும்பு கடித்தது." இறுதியாக இளவரசன் எறும்பின் முன் சென்று நின்றான். தன் பொன்னான புற்றுக்குள் விரலை நுழைத்தால் கடியாமல் வேறு என்ன செய்வது என்று எறும்பு அவனையே திருப்பிக் கேட்டது. கதை அங்கே முடிந்துவிடுகிறது.

இக்கதையைக் கேட்கும் குழந்தைகள் ஒவ்வொரு வினாவுக்கும் விடை வரும்போது கைகொட்டிச் சிரிப்பர். மீன் உலராமைக்கும் எறும்புக் கடிக்கும் இடையே இத்தனை கண்ணிகள் கோத்த ஒரு சங்கிலி கிடப்பதைக் காண்பது அவர்களுக்குப் பெருங்களிப்பு. ஆனால், சிறிது வளர்ந்தவர் அதில் மற்றொன்றையும் காணலாம். வினவப்பட்டோர் அனைவரும் உண்மையே உரைத்தனர். பொய் கூறியவர் எவரும் இலர். எனினும், ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரைச் சுட்டிக் காட்டித் தாம் விலகிக்கொண்டனர். "வைக்கோல் என் வாய்க்கு எட்டாமல் போயிற்று, நானே கட்டை அறுத்துக்கொண்டு சென்றிருக்கலாம்" என்று பசு சொல்லவில்லை. "பசியோடேனும் மாட்டை ஓட்டியிருப்பேன்" என்று சிறுவன் சொல்லவில்லை. நல்லவேளையாக, அங்கே கெட்டது ஒரு மீன்தான். ஆகவேதான் அக்கதை சிரிப்பில் முடிகிறது.

அந்தக் கதை விளைவிலிருந்து காரணத்தை நோக்கிப் பின்னோக்கி நடக்கிறது. அவ்வாறன்றி, சிறிய காரணம் ஒன்றிலிருந்து விளைவை நோக்கி முன்னே நடக்கும் கதையும் உண்டு. அரபு மொழியில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் அதில் சிரிப்புக்கு இடமில்லை.

வேடன் ஒருவன் மலைச்சாரலில் வேட்டையாடிக்கொண்டிருந்தான். அன்று அவனுக்கு விலங்கு எதுவும் அகப்படவில்லை. களைத்துப் போய் ஒரு குகையின் வாயிலில் அமர்ந்தவன், உள்ளே பாறைப் பள்ளம் ஒன்றில் தேனீக்கள் சேர்த்துவைத்த தேன் நிறைந்திருக்கக் கண்டான். தண்ணீர் கொண்டு செல்லும் தோற்பையில் அதனை முகந்துகொண்டான். பையைத் தோளில் மாட்டியவாறு நகரை நோக்கி நடந்தான். அவனுடைய வேட்டைநாய் அவன் பின்னே சென்றது. அதனை அவன் குட்டியிலிருந்து வளர்த்தவன். தான் உண்ணுமுன் அதற்கு ஊட்டுபவன்.

நகரில் எண்ணெய் வாணிகன் ஒருவனுடைய கடை இருந்தது. வேடன் அங்கே நின்று, "நல்ல மலைத்தேன், வாங்குகிறீரா?" என்றான்.

"பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்றான் வாணிகன். வேடன் பையைச் சாய்த்துத் தேனைக் கலத்தில் வார்த்தான். தேன் பொன்னிறமாக இறங்கியது. வாணிகன் மனம் மகிழ்ந்தான்; விலை பேசி முடித்தனர். வார்க்கும்போது ஒரு துளி தவறித் தரையில் வீழ்ந்தது. இருவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

துளியை ஈக்கள் கண்டுகொண்டன; பறந்து வந்து மொய்த்தன. ஈக்களைக் கண்ட பறவை ஒன்று கீழே பாய்ந்தது. வாணிகன் வளர்த்த பூனை, பறவையின்மேல் தாவியது. பூனையைக் கண்ட வேட்டைநாய், தன் பழக்கத்தால், ஒரே பாய்ச்சலில் அதன் கழுத்தைக் கவ்வியது. பூனை இறந்தது.

தன் பூனை துடித்து விழுவதைக் கண்ட வாணிகன் கையில் கிடைத்ததை எடுத்து நாயை ஓங்கி அடித்தான். நாயும் இறந்தது. மகன்போல் வளர்த்த நாய் மண்ணில் கிடப்பதைக் கண்ட வேடன் வாணிகன்மேல் பாய்ந்து அவனைக் கொன்றான்.

வேடன் ஓர் ஊரினன். வாணிகன் வேறோர் ஊரினன். செய்தி இரண்டு ஊர்களுக்கும் சென்றது. இரண்டு ஊராரும் கருவிகளைக் கையில் எடுத்தனர். எதிரெதிரே அணிவகுத்து நின்றனர். வாள் ஓயும்போது மடிந்தவரின் தொகையை இறைவன் ஒருவனே அறிவான் என்று கதை முடிகிறது.

இக்கதை ஒரு பெருங்கதைத் தொகுதியினுள் அமைந்தது. 'சிந்துபாத் நூல்' என்பது அத்தொகுதிக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று. கப்பலேறிச் சென்ற சிந்துபாத் வேறு. இந்நூலில் வரும் சிந்துபாத் ஓர் அறிஞர், அரசிளங்குமரன் ஒருவனின் ஆசிரியர். நூல் தோன்றியது பாரசீகத்திலா, இந்தியாவிலா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலத்தில் அதன் கதைகள் ஆயிரத்தோர் இரவுக் கதைகளுள்ளும் இடம் பெற்றன.

அந்நூலில் தேன் துளியின் கதை சொல்லப்படும் இடம் நோக்கத்தக்கது. அரசனுடைய அன்புக்குரிய பெண்ணொருத்தி அரசிளங்குமரன்மேல் பொய்ப்பழி சுமத்துகிறாள். அரசன் வெகுண்டு தன் மகனைக் கொல்லும்படி ஆணையிடுகிறான். குமரனோ வாய் திறவாமல் நிற்கிறான். ஏழு நாள் பேசினால் அவன் உயிருக்குக் கேடு என்று ஆசிரியர் கோள்நிலை கண்டு எச்சரித்திருந்தார். அவன் பேசும் நாள் வரும்வரை அவன் உயிரைக் காக்க வேண்டும். அமைச்சர் எழுவர் அதற்கு ஒரு வழி கண்டனர். நாளுக்கு ஒருவராக அரசனிடம் சென்று, ஆராயாமல் செய்த செயலால் விளைந்த கேட்டினை எடுத்துரைக்கும் கதைகளைச் சொல்லிக் கொலையைத் தள்ளிவைத்தனர். அக்கதைகளுள் ஒன்றே தேன் துளியின் கதை. ஓர் உயிரைக் காப்பதற்காக அதனைச் சொன்னார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், அதன் பொருள் மேலும் தெளிவாகும்.

இக்கதையைக் கேட்டவர் பலர், 'வாணிகன் ஒரு கந்தைத் துணியால் அத்துளியைத் துடைத்திருக்கலாகாதா?' என்று எண்ணுவர். துடைத்திருக்கலாம். ஆயினும், தேன் விற்கும் கடையில் ஒரு துளி சிந்தாத நாள் ஏது? எண்ணெயும் தேனும் வெல்லமும் விற்கும் கடைகளில் நாள்தோறும் எத்தனையோ துளிகள் சிந்துகின்றன, ஈக்கள் மொய்க்கின்றன, பூனைகள் தாவுகின்றன. அவற்றால் ஊர்கள் அழிவதில்லை. துளியின்மேல் மட்டும் பழியைச் சுமத்துவது, மீன் உலராமைக்கு எறும்பின்மேல் மட்டும் பழி சுமத்துவதைப் போன்றதே.

ஈ, பறவை, பூனை, நாய் ஆகிய நான்கும் தத்தம் இயல்பின்படி நடந்தன. இனிப்பைக் கண்ட ஈ நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. நாய்க்குப் பூனையைக் கண்டால் பொறுமை கிடையாது. அவை நான்கும் செய்து முடித்ததெல்லாம் சில நொடிகளில் நிகழ்ந்தவை. அதுவரை நேர்ந்த இழப்பு ஒரு பூனை.

அந்த இடத்தில் சங்கிலி விலங்கின் வாயிலிருந்து மனிதன் கைக்கு மாறுகிறது. வாணிகன் நாயை அடிக்குமுன் வேடன் முகத்தைப் பார்த்திருக்கலாம். பூனையை இழந்தவனிடம் வேடன், "என் நாய் செய்தது பிழை, தேனுக்கு விலை வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு பூனைக்கும் ஒரு பை தேனுக்கும் கணக்குத் தீர்ந்திருக்கும். நாய் இறந்த பின்னும், ஊர்ப் பெரியவரிடம் சென்று முறையிட வழி இருந்தது. இருவரில் எவரும் கொடியவர் அல்லர் என்பதே இக்கதையில் வருந்தத்தக்க செய்தி. இருவரும் வாயில்லா உயிர்களிடம் அன்பு பூண்டவர்கள். அந்த அன்பே அவர்கள் கைகளுக்கு வெறியூட்டியது.

ஊராரின் நிலை வேறு. அவர்கள் எவரும் தேனைக் காணவில்லை, பூனையைக் காணவில்லை, நாயையும் காணவில்லை. அவர்களை எட்டியது செய்தி ஒன்றுதான். "நம் ஊரானை அயலூரான் கொன்றுவிட்டான்" என்ற செய்தி ஓர் ஊருக்குப் போயிற்று. "நம்மவன் உயிருக்கு உலை வைக்க அவர்கள் திரண்டு வருகிறார்கள்" என்ற செய்தி மற்றோர் ஊருக்குப் போயிருக்கும். வாயிலிருந்து வாய்க்கு மாறுந்தோறும் செய்தி பெரிதாயிற்று. அதன் காரணம் சிறிதாயிற்று. கடைசியில் காரணம் முற்றும் உதிர்ந்து போயிற்று. பூனை செத்ததற்காக வாள் எடுப்போம் என்று எவரேனும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், கேட்டவர் நகைத்துக் கலைந்திருப்பர். அதனை எவரும் சொல்லவில்லை. கடைத்தெருவுக்கும் ஊருக்கும் இடையே நடந்து கடக்க வேண்டிய வழி இருந்தது. சினம் ஆறுவதற்குப் போதுமான வழி. அவ்வழியில் ஒருவனாவது நின்று, "முதலில் நடந்தது என்ன?" என்று கேட்கவில்லை.

அவ்வாறு கேட்ட ஒருவனின் கதை பௌத்தர்களின் ஜாதக நூலில் உள்ளது. இங்கே ஜாதகம் என்பது சோதிடர் கணிப்பது அன்று. புத்தர் பெருமானின் முற்பிறப்புகளைப் பற்றிப் பாலி மொழியில் வழங்கும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கதைகளின் தொகுதி.

மேலைக் கடலுக்கு அணித்தான காடு ஒன்றில், ஒரு வில்வ மரத்தின் அடியில் இளம்பனை ஒன்று நின்றது. அப்பனையின் நிழலில் ஒரு முயல் வாழ்ந்தது. ஒரு நாள் இரை தின்று வந்து படுத்திருந்த முயல், 'இந்த நிலம் இடிந்து வீழ்ந்தால் நான் எங்கே போவேன்?' என்று எண்ணமிட்டது. வேலையில்லாத மனம் எண்ணக்கூடாத எண்ணம் இல்லை. அதே வேளையில் பழுத்த வில்வக் காய் ஒன்று காம்பற்றுப் பனையோலையின்மேல் 'தொப்'பென்று வீழ்ந்தது. 'நிலம் இடிந்துவிட்டது!' என்று முயல் துள்ளி எழுந்து திரும்பிப் பாராமல் ஓடிற்று.

வழியில் மற்றொரு முயல், "ஏன் ஓடுகிறாய்?" என்று கேட்டது. "கேளாதே, நிலம் இடிகிறது!" என்றது ஓடும் முயல். கேட்ட முயலும் ஓடிற்று. அதனைக் கண்ட முயலும் ஓடிற்று. இவ்வாறு முயற்கூட்டம் முழுவதும் ஓடத் தொடங்கியது. முயல்களைக் கண்டு மான்கள் ஓடின. பன்றிகளும் கடமைகளும் எருமைகளும் ஓடின. காட்டுப்பசுக்கள், காண்டாமிருகங்கள், புலிகள், சிங்கங்கள், யானைகள் என ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஓடின. ஒரு காய் வீழ்ந்த ஓசை ஒரு யோசனை நீளமுள்ள விலங்குப் பெருக்காகிவிட்டது. அப்பெருக்கு கடலை நோக்கி ஓடியது.

போதிசத்துவர் அப்பிறப்பில் ஒரு சிங்கமாக அக்காட்டில் வாழ்ந்தார். ஓடுவோரைக் கண்ட அச்சிங்கம், 'நிலம் இடிவது உண்மையன்று. ஏதோ ஓர் ஓசையை இவை தவறாகக் கொண்டன. தடுக்காவிட்டால் அனைத்தும் கடலில் வீழ்ந்து மடியும்' என்று கருதிற்று. விரைந்து அவற்றின் முன்னே சென்று, மலையடியில் நின்று மும்முறை முழங்கிற்று. அம்முழக்கத்தைக் கேட்ட விலங்குகள் அஞ்சி ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. சிங்கம் அவற்றின் நடுவே புகுந்தது.

"நிலம் இடிவதைக் கண்டவர் யார்?"

"யானைகளுக்குத் தெரியும்" என்றன.

யானைகளைக் கேட்டது சிங்கம். "எமக்குத் தெரியாது, சிங்கங்களுக்குத் தெரியும்" என்றன அவை. சிங்கங்கள் புலிகளைக் காட்டின. புலிகள் காண்டாமிருகங்களைக் காட்டின. அவை காட்டுப்பசுக்களைக் காட்டின. எருமை, கடமை, பன்றி, மான் என்று வினா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. மான்கள் முயல்களைக் காட்டின. முயல்கள் அந்த ஒரு முயலைக் காட்டின.

"நீ கண்டாயா?"

"ஐயா, நான் கண்டேன்."

"எங்கே?"

"வில்வமும் பனையும் நிற்கும் இடத்தில். நான் படுத்திருந்தபோது இடிந்தது, ஓடி வந்துவிட்டேன்."

சிங்கம் முயலைச் சினந்து நகையாடவில்லை. மற்ற விலங்குகளை அங்கேயே நிறுத்திவிட்டு, முயலைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு அவ்விடத்துக்குச் சென்றது. முயல் அருகே போக அஞ்சி, தொலைவில் நின்றே இடத்தைக் காட்டியது. பனையடியில் ஓலையின்மேல் வீழ்ந்த வில்வக் காய் கிடந்தது. நிலத்தில் ஒரு வெடிப்பும் இல்லை. சிங்கம் திரும்பி வந்து தான் கண்டதை எல்லா விலங்குகளுக்கும் உரைத்தது. அவை தத்தம் இடத்துக்குச் சென்றன.

ஏழு மீன்களின் கதையில் இளவரசன் கேட்டதும், இக்கதையில் சிங்கம் கேட்டதும் ஒரே வகையான வினா. ஆயினும், இளவரசன் கேட்டபோது மீன் முன்பே கெட்டுவிட்டது. சிங்கம் கேட்டபோது கடல் இன்னும் எட்டவில்லை. மேலும், சிங்கம் வினாவைத் தொடுக்குமுன் ஓட்டத்தை நிறுத்திற்று. ஓடுகிறவனிடம் காரணம் கேட்டால், அவன் ஓடிக்கொண்டேதான் விடை சொல்வான். கேட்டவனையும் ஓடச் செய்வான். மற்ற முயல்களும் 'ஏன்?' என்று கேட்டவைதாமே! கேள்வி கேட்டது மட்டும் அவற்றைக் காக்கவில்லை. போய்ப் பார்க்கும் துணிவு சிங்கத்திடம் இருந்தது.

மக்கள் வாழ்க்கையில் அவ்வாறு இடையே புகுந்து நிற்பது எளிதன்று. அதனைச் செய்ய முயன்றவர்களுள் ஒருவர், தேன் துளியின் கதையைத் தம் மொழியில் பாட்டாகப் பாடிய புலவரே ஆவார். அவர் பெயர் ஹோவான்னெஸ் துமானியான். அவர் ஆர்மீனியர்.

ஆர்மீனியர் தமிழ்நாட்டுக்கு முற்றும் புதியவர் அல்லர். வாணிகத்தின் பொருட்டுச் சென்னைக்கு வந்து தங்கிய அவர்கள் 1772-ஆம் ஆண்டில் கட்டிய தேவாலயம் இன்றும் அங்கே உள்ளது. உலகில் ஆர்மீனிய மொழியில் முதன்முதலாக வெளிவந்த இதழ் அச்சானதும் சென்னையிலேதான். அது 1794-ஆம் ஆண்டு. அவர்கள் வாழ்ந்த தெரு ஆர்மீனியன் தெரு எனப் பெயர் பெற்றது. அப்பெயர் நம் மக்கள் நாவில் திரிந்து 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று. அரண்மனைக்கும் அத்தெருவுக்கும் தொடர்பு இல்லை.

துமானியான் 1869-ஆம் ஆண்டு, லோரி என்னும் மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் கோயிலின் குரு. இளமையில் கேட்ட நாட்டுக் கதைகள் அவர் உள்ளத்தைவிட்டு நீங்கவில்லை. கல்வியை முடிக்க இயலாமல் வேலைக்குச் சென்றார். பதின்மர் மக்களைப் பெற்று வளர்த்த அவர், குழந்தைகளுக்காக எழுதிய கதைகளும் பாட்டுகளும் பல. அக்காலத்தில் ஆர்மீனிய நாட்டின் அப்பகுதி ருஷியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர் வாழ்ந்த நகரம் திஃப்லிஸ். இன்று அதனைத் திபிலீசி என்பர்.

1905-ஆம் ஆண்டில் பாக்கு நகரில், ஆர்மீனியருக்கும், இன்று அசர்பைஜானியர் எனப்படும் முஸ்லிம் மக்களுக்கும் இடையே கலகம் மூண்டது. அது நகருக்கு நகர் பரவி 1906-ஆம் ஆண்டிலும் நீடித்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். நெடுங்காலம் ஒரே சந்தையில் பண்டம் மாற்றிக்கொண்டவர்கள், ஒரே மலையில் ஆடு மேய்த்தவர்கள், ஒருவரை ஒருவர் கண்டு அஞ்சினர். ஓர் ஊரில் நிகழ்ந்தது அடுத்த ஊருக்குச் செய்தியாகச் சென்றது. செய்தி சென்ற ஊரில் மக்கள் கருவி தேடினர்.

லோரியிலும் இரண்டு இனத்தாரின் ஊர்களும் அடுத்தடுத்து இருந்தன. துமானியான் தம் பிறந்த நாட்டுக்குச் சென்றார். குதிரைமேல் ஏறி, வெள்ளைக் கொடி ஏந்தி, ஊர் ஊராகப் புகுந்தார். ஆர்மீனியர் ஊர்களுக்கு மட்டும் அன்று. அயலார் ஊர்களுக்கும் சென்றார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கண்டு பேசிச் சந்து செய்விக்க முயன்றார். வெள்ளைக் கொடியைக் கண்டால் எல்லாரும் கருவியைக் கீழே வைப்பர் என்ற உறுதி எவருக்கும் இல்லை. வழியில் எந்தப் பாறையின் பின்னிருந்தும் குண்டு வரலாம். அவரிடம் இருந்தது அந்தக் கொடியும், அவ்வூர்களில் அவருக்கு இருந்த நன்மதிப்பும் மட்டுமே.

அவர் செய்த தொண்டிற்கு ஆட்சியாளர் பரிசளிக்கவில்லை. அரசியல் ஐயத்தின்பேரில் 1908-ஆம் ஆண்டில் அவரைச் சிறைப்படுத்தினர். பின்னர் ஒரு முறையும் அவர் சிறை புகுந்தார்.

1909-ஆம் ஆண்டில் துமானியான் 'ஒரு துளித் தேன்' என்னும் பாட்டை எழுதினார். பழைய கதையின் எலும்பு அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் வேடனுக்கு மாறாக ஓர் இடையன் வருகிறான். அவன் தேன் விற்க வரவில்லை. அடுத்த ஊரிலிருந்து தேன் வாங்க வருகிறான். கடைக்காரன் அவனை இன்முகத்துடன் வரவேற்றுப் பேசுகிறான். துளி வீழ்கிறது; ஈ வருகிறது; பூனையும் நாயும் பாய்கின்றன. கடைக்காரன் நாயைக் கொல்கிறான். இடையன் கடைக்காரனைக் கொல்கிறான். கூக்குரல் கேட்டு ஓடி வந்த ஊரார், இடையனை அங்கேயே அடித்துக் கொன்று அவன் நாயின் அருகே கிடத்துகின்றனர்.

பழைய கதை இரண்டு ஊர்களோடு நின்றது. துமானியானின் பாட்டு அங்கே நிற்கவில்லை. அடுத்தடுத்து இருந்த அவ்விரண்டு ஊர்களும் இரண்டு அரசர்களின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஊர்ச் சண்டை அரசர்களின் செவிக்கு எட்டுகிறது. அண்டை நாட்டார் எல்லை கடந்து வந்து தம் குடிகளைக் கொன்றனர் என்று ஓர் அரசன் பறையறைகிறான். அவ்வாறே மற்றவனும் பறையறைகிறான். கடவுளின் பெயரும் நாட்டின் மானமும் அவ்வறிக்கைகளில் இடம் பெறுகின்றன. தேனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது கற்பனைதான் என்று தள்ளிவிட முடியாது. வெள்ளைக் கொடியுடன் ஊர் ஊராக அலைந்தவர் எழுதியது அது.

போர் ஓயாமல் நடக்கிறது. உழுவாரின்றி நிலம் தரிசாகிறது, பஞ்சம் வருகிறது, நோய் வருகிறது, குடியிருந்த ஊர்கள் பாழாகின்றன. எஞ்சிய சிலர் திகைத்து நின்று, இந்தப் பெருந்தீ எங்கிருந்து மூண்டது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கின்றனர். அவர்களுக்கு விடை கூற எவரும் இல்லை. அத்துளி வீழ்ந்ததை அறிந்த கடைக்காரனும் இடையனும் முதல் நாளே மாண்டு போயினர்.